லாம்ஸீராவின் இடது தோள்

திங்கள் காலை ஏழு மணிக்குள் திரும்பி வரவேண்டும்,
ஒரு தையலும் பிரியக் கூடாது.
இதுதான் பேச்சு.
நீல உடுப்பைத் தலையணை உறைக்குள் சுருட்டி
மாடிப்படியில் நின்றபடியே நீட்டினாள் லாம்ஸீரா.
உள்ளே வாயேன் என்றேன்.
அடுப்பில் பீன்ஸ் என்று இறங்கிப் போய்விட்டாள்.

குத்தாயிஸியில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் ஒரு விருந்தாளி.
இரவு பதினொன்றுக்கு வரும்,
சொல்லாமல் எழுந்து போகும்.
மிதி இயந்திரத்துக்கு அது தேவையில்லை,
என் கண்ணுக்குத்தான் தேவை.

மேசைமேல் கம்பளி.
கம்பளிமேல் செய்தித்தாள்,
நாலு தாளைக் கஞ்சி தொட்டு ஒட்டியது.
அதன்மேல் அவள் உடுப்பு, குப்புற.
கைக்கழுத்தோரம் விரலால் நீவி
தையல் ஓடும் வழியெல்லாம்
குண்டூசியால் குத்திக்கொண்டே போனேன்.
எடுத்துப் பார்த்தால்
போன ஆட்சியின் அறுவடைக் கணக்கில்
பொடிப்பொடியாய் ஓட்டை.
புள்ளிகளைச் சேர்த்தேன்.
ஒரு முதுகு வந்தது.

மார்புப் பிடிப்பு மட்டும்
படுக்கமாட்டேன் என்றது.
ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும்.
தாள் தட்டை, லாம்ஸீரா தட்டையில்லை,
வேறென்ன சொல்ல.
கைத்தலைப்பின் வளைவை மூன்று முறை எடுத்தேன்,
மூன்றும் மூன்று பேருடைய கை.

பாதி எடுத்தால் போதும், மடித்து வெட்டலாம்
என்று தெரியாமலில்லை.
என் துணி மடிக்க இடம் தரவில்லை.
மூடிப்போன இசைப்பள்ளியின் திரைச்சீலை அது,
சன்னல் பக்கம் வெயில் தின்ற பட்டைகள்.
வெளுக்காத இடமாய்ப் பார்த்துப் பார்த்து
இடம் தனி வலம் தனி என்று
தேய்ந்த சோப்பு வில்லையால் வரைந்தேன்.

கீழ்மடிப்பைத் தடவியபோது
ஏதோ தட்டியது. உருண்டை.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
காற்றில் பாவாடை எழாமலிருக்க
ஐந்து கோபெக் நாணயங்களை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள்.
என் அலமாரி டப்பாவிலும் கிடந்தன,
ஒரு ரொட்டித் துண்டுக்கும் உதவாதவை.
காசு செல்லாது. எடை செல்லும்.
எண்ணி எட்டு வைத்தேன்.

ஞாயிறு இரவு விளக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன்.
உரிக்காமலே உரித்து வைத்தாற்போல் இருந்தது,
இடது தோளைத் தவிர.
அங்கே துணி சரிந்து நின்றது,
யாரோ கை வைத்து அழுத்துவதுபோல.
தப்பு எங்கே என்று தாளைத் தாளோடு வைத்தேன்.
ஊசி ஓட்டைகள் ஒன்றுகூடப் பிசகவில்லை.
பிறகுதான் உறைத்தது:
இரண்டாம் எண் டிராலிபஸ்,
பத்தொன்பது வருடம்,
சில்லறைப் பை தொங்கிய தோள்.
அவள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.
உடுப்பு சொல்லிவிட்டது, நானும் எழுதிக்கொண்டேன்.

பிரித்துத் திருத்த நேரமிருந்தது.
ஒரு விரற்கடைதான்.
மின்சாரம் போனது, நானும் படுத்துவிட்டேன்.
இதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

ஸெஸ்தபோனியில் அண்ணன் மகன் கல்யாணம்.
நல்ல உடுப்பு, யார் தைத்தது என்று கேட்டாள் நானூலி.
நான் என்றேன், பாதிப் பொய்.
மூன்றாவது கோப்பைக்கு எல்லோரும் எழுந்தபோது
எனக்குப் பின்னால் யாரோ
"லாம்ஸீரா அம்மா" என்றார்கள்.

திரும்பினேன்.
மீசை நரைத்த ஒருவர்,
முகம் பார்த்து விழித்தார், நான் அவளில்லை.
ஆனாலும் நீட்டிய கையை மடக்கத் தெரியவில்லை அவருக்கு.
"எண்பத்தெட்டில் ஒரு நாள்
பை தடவினேன், சில்லறை இல்லை.
உட்கார் என்றார்கள், அவ்வளவுதான்."
உள்ளங்கையில் ஒரு ஐந்து கோபெக்.

வாங்கிக்கொண்டேன்.
சரிந்த தோளை அப்படியே வைத்துக்கொண்டு
டிக்கெட் கிழிப்பதுபோல் விரலை அசைத்தேன்.
அவர் சிரிக்கவில்லை, தலை குனிந்து உட்கார்ந்தார்.

நீல உடுப்பைத் திங்களன்றே கொடுத்தாகிவிட்டது, ஆறே முக்காலுக்கு.
உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு
சரி என்றாள்.
இந்தக் காசை இன்னும் கொடுக்கவில்லை.
கொடுத்தால்
தோளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.